ஏன் சேர்ந்து ஆராதிக்க வேண்டும்? ரங்கூன் தமிழ்ச் சபையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாங்கோனில் ஒரு சிறிய தமிழ்ச் சபையில் 22 வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். எங்கள் பெரியவர்களுக்கு இந்த ஊர் இன்னும் ரங்கூன்தான், நானும் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றித்தான் சொல்வேன். தாமுவே, தாக்கேட்டா, இன்செய்ன் என்று வீடு சந்திக்கப் போகும்போதும், ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதும், அதே சந்தேகங்கள் வேறு வேறு வாயிலிருந்து வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர் என்று முறைமைகள் வேறுபடும் இடத்தில் உங்கள் போதகரையோ குருவையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஆராதனை, ஆராதனைன்னு சொல்றீங்க. பாட்டும் பிரசங்கமும்தானே டீச்சர்?"

அவை இரண்டும் உண்டு. ஆனால் எருசலேமில் கூடிய முதல் சபையைப் பற்றி அப்போஸ்தலர் 2:42 நான்கு காரியங்களைச் சொல்கிறது: அப்போஸ்தலருடைய உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இரண்டாவதாக வரும் வார்த்தையைக் கொஞ்சம் பாருங்கள். "புருஷனும் பெண்டாட்டியும் அந்நியோந்நியமா இருக்காங்க" என்று நாம் சொல்வோமே, அதே வார்த்தைதான். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரோடு உள்ள நெருக்கத்தை உபதேசத்துக்கும் ஜெபத்துக்கும் சமமாக வைத்து எழுதியிருக்கிறது.

"கோவிலுக்குப் போறேன்" என்று பேச்சில் சொல்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் வேதத்தில் சபை என்று வரும் இடத்தில் மூல கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தம், அழைக்கப்பட்டுக் கூடிவந்த மக்கள். அது கட்டடத்தைக் குறிக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட ஆரம்பித்ததும், லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாக அஸ்ஸாம் பக்கம் நடந்தார்கள். அப்படிப் போனவர்களில் என் தாத்தாவின் அண்ணன் குடும்பமும் ஒன்று. இருட்டினதும் பாதையோரம் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு ஜெபம் என்று நாளை முடிப்பார்களாம். கோவில் ரங்கூனில் நின்றுவிட்டது, சபை நடந்து போய்க்கொண்டிருந்தது.

"வீட்டிலேயே ஜெபம் பண்ணினா கர்த்தர் கேட்க மாட்டாரா?"

கேட்பார். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி என்று இயேசுவே சொன்னார் (மத்தேயு 6:6). தனி ஜெபம் இல்லாதவருக்குச் சபை ஜெபமும் சீக்கிரம் வறண்டுபோகும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அதே அதிகாரத்தில், மூன்றே வசனம் தள்ளி, என்ன சொல்லி ஜெபிக்க வேண்டும் என்றும் கற்றுக்கொடுக்கிறார். "எங்கள் பிதாவே" என்று ஆரம்பிக்கிறது. "என் பிதாவே" என்று இல்லை. "எங்களுக்குத் தாரும்", "எங்களுக்கு மன்னியும்" என்று கடைசிவரை பன்மையில்தான் போகிறது. பூட்டின அறையில் ஒரே ஆளாக உட்கார்ந்திருந்தாலும் நம் வாயில் அவர் வைத்த வார்த்தை எங்கள் என்பதே. அந்த "எங்கள்" யார் என்று கண்ணால் பார்க்கிற இடம் ஞாயிறு ஆராதனை. பார்த்தவர்களை நினைத்துக்கொண்டுதான் வாரம் முழுக்க அந்த வார்த்தையைச் சொல்ல முடிகிறது.

இயேசுவுக்குத் தனியாக ஜெபிக்கத் தெரியாதா? மலையில் இரவெல்லாம் ஜெபித்தவர் அவர். அப்படியிருந்தும் லூக்கா 4:16 பாருங்கள்: தமது வழக்கத்தின்படியே ஓய்வுநாளில் ஜெபஆலயத்துக்குப் போனார். தேவைப்பட்டால் போவோம் என்று அவர் வைத்திருக்கவில்லை. வழக்கமாக வைத்திருந்தார்.

"ஞாயிறுதான் வரணுமா? எனக்கு ஞாயிறும் ஷிப்ட் இருக்கு."

ஞாயிறு, உயிர்த்தெழுந்த நாள். அதனால் ஆரம்பத்திலிருந்தே விசுவாசிகள் அன்றைக்குக் கூடினார்கள். ஆனால் அது அவர்களுக்கு லீவு நாள் இல்லை. ரோமப் பேரரசில் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வு நாளாக்கியது கி.பி. 321ல்தான். அதற்கு முன் ஏறக்குறைய முந்நூறு வருடம், வேலைக்குப் போகிறவர்களும் அடிமைகளும்தான் ஞாயிறு கூடினார்கள். கி.பி. 112 வாக்கில் பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசருக்கு எழுதின கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன்பே கூடி, கிறிஸ்துவைக் கடவுள்போல எண்ணிப் பாடுகிறார்கள் என்று தகவல் தருகிறார். விடியுமுன் கூடினால் அப்புறம் வேலைக்குப் போகலாம்.

ஆகவே கார்மெண்ட் பேக்டரியில் வேலை பார்க்கிற தங்கைகளுக்கும், டீக்கடையில் நிற்கிற தம்பிகளுக்கும் நான் சொல்வது இது. உங்கள்மேல் குற்றம் சுமத்த யாருக்கும் உரிமையில்லை. புதன்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வாருங்கள். அதுவும் முடியவில்லை என்றால் எந்த நாள் எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு இரண்டு பேர் உங்கள் வீட்டுக்கு வருவோம். நாளைவிட, கூடுவது முக்கியம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கி.பி. 304ல் வட ஆப்பிரிக்காவில் அபிதினா என்ற ஊரில், தடையை மீறி ஞாயிறு கூடினதற்காக 49 பேரைப் பிடித்துக் கார்த்தேஜில் விசாரித்தார்கள். ஏன் கூடினீர்கள் என்று கேட்டதற்கு, ஞாயிறு ஆராதனை இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்றார்கள். அதற்காக உயிரைக் கொடுத்தார்கள். வேலை இல்லாத ஞாயிறிலும் எழுந்திருக்க மனம் வராதபோது அவர்களை நினைத்துக்கொள்வேன்.

"காணிக்கைப் பை வரும்போது கையில ஒண்ணும் இருக்கிறதில்ல. வெட்கமா இருக்கு, அதான் வர்றதில்ல."

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது. பையை வாங்கி அடுத்தவரிடம் கொடுங்கள், அவ்வளவுதான். உள்ளே என்ன போட்டீர்கள் என்று பார்க்கிற கண் ஒன்று இருந்தால், தவறு அந்தக் கண்ணுடையது. அரிசி விலை எங்கே போய்விட்டது என்று எல்லாருக்கும் தெரியும். காசு இல்லை என்பதற்காக ஒருவர்கூட வராமல் இருக்கக் கூடாது. தேவைப்பட்டால் சொல்லுங்கள், அந்தப் பையிலிருந்து உங்களுக்கும் கொடுக்கலாம். அது அதற்காகவும்தான்.

"பிள்ளை அழுதா எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க."

அழட்டும். பிள்ளை அழாத சபையில் 20 வருடம் கழித்து யார் இருப்பார்கள்?

"எனக்குப் பாட வராது, மனசும் ஒட்டுறதில்ல. சும்மா வந்து உட்கார்ந்து என்ன பிரயோஜனம்?"

இதற்கு என் கதையைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். அம்மாவை அடக்கம் செய்தது ஒரு வியாழக்கிழமை. அந்த ஞாயிறு பழக்கத்தினால் கோவிலுக்கு வந்துவிட்டேன். நெஞ்சு கல்லாக இருந்தது. முதல் பாட்டு ஆரம்பித்ததும் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். பரமண்டல ஜெபத்தில் "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்ற இடம் வந்தபோது, என்னால் அதைச் சொல்ல முடியவில்லை என்பது மட்டுமில்லை, சொல்ல எனக்கு மனமும் இல்லை.

பக்கத்தில் ஒரு பையன் நின்றான். வயது பதினேழு இருக்கும். என்னிடம் ஞாயிறு பள்ளியில் படித்தவன்தான், ஆனாலும் அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். அவன் கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. தமிழ்ப் பாட்டையெல்லாம் பர்மிய எழுத்தில் எழுதிவைத்திருந்தான். வட்ட வட்டமான அந்த எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு, உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாகப் பாடினான். ழகரத்துக்குப் பர்மிய எழுத்தில் இடமில்லை. அது வரும் இடங்களில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தான். புள்ளி வந்ததும் ஒரு நொடி நிறுத்தி, நான் சொல்லிக்கொடுத்த மாதிரி நாக்கை மடித்து அந்த எழுத்தைச் சொல்வான். அன்றைக்கு எனக்காகவும் சேர்த்து அவன்தான் பாடினான். அவனுக்கு அது தெரியாது. அவன் சொன்ன ஆமென் என்னுடைய ஆமெனும்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆகவே "எனக்கு என்ன பிரயோஜனம்" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் வராத ஞாயிறில், பக்கத்தில் குரல் தேவைப்பட்ட ஒருவர் தனியாக நின்றிருக்கலாம். எபிரெயர் 10:25ல் சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று வருவதை நாம் மிரட்டலாகவே வாசிக்கிறோம். ஒருவரை ஒருவர் தேற்றிப் புத்திசொல்லிக்கொள்ளுங்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த வசனம் சொல்கிறது.

"எனக்குத் தமிழ் படிக்க வராது. பர்மிய சபைக்குப் போயிடலாமா?"

போகலாம். புரியாத ஜெபத்துக்கு ஒருவன் எப்படி ஆமென் சொல்வான் என்று பவுலே கேட்கிறார் (1 கொரிந்தியர் 14). புரிகிற பாஷையில் ஆராதிப்பது பாவமில்லை. பர்மிய வேதாகமத்தை அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனரி 1834ல் மொழிபெயர்த்து முடித்தார், இன்றைக்கும் பர்மிய சபைகளில் அதைத்தான் வாசிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் "பயா தக்கின்" என்று கடவுளைக் கூப்பிடும்போது அவர் திரும்பிப் பார்க்காமல் இருக்கிறாரா என்ன?

ஆனால் இந்த நிலைமைக்கு எப்படி வந்தோம் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1964ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட சமயத்தில் நம் ஜனங்கள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போனார்கள். இருந்தவர்களுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் இல்லாமல் போயிற்று. வீட்டுக்கு வெளியே தமிழ்ச் சத்தம் கேட்கிற இடம், இந்துக்களுக்கு அவர்கள் கோவில், நமக்கு நம் சபை. அப்படித்தான் எங்கள் தலைமுறை தமிழைக் காப்பாற்றியது. கர்த்தரின் பாட்டை அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவோம் என்று 137ஆம் சங்கீதத்தில் அழுகிறார்களே, எங்கள் பாட்டிமார் அதை அழாமல் வாசித்ததில்லை. பாமாலைப் பாட்டும் கீர்த்தனையும் அவர்களுக்கு வெறும் பாட்டில்லை, ஊர்.

என் கருத்து கேட்டால், இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும். எங்கள் சபையில் வேத வாசிப்பை இரண்டு பாஷையிலும் வைக்கிறோம், பிரசங்கத்தின் சாரத்தைப் பர்மிய மொழியிலும் ஐந்து நிமிடம் சொல்கிறோம். பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை, அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் மேலே சொன்ன பையனின் நோட்டை அவர்கள் ஒருதரம் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் ஜட்சன் என்ன செய்தார்? 1813ல் வந்து இறங்கினவர், 1819ல் ஒரு ஸயாத் கட்டினார். நம்மூர்ச் சாவடி மாதிரி, வழிப்போக்கர் உட்கார்ந்து பேசுகிற பர்மியக் கொட்டகை அது. அங்கே உட்கார்ந்து பர்மிய மொழியில் ஆராதனை நடத்தினார். மக்கள் ஏற்கெனவே கூடி உட்காருகிற உருவத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

"பத்துப் பேர்தான் வர்றாங்க. இதையெல்லாம் ஒரு சபைன்னு சொல்லலாமா?"

சொல்லலாம். இரண்டு பேரோ மூன்று பேரோ என் நாமத்தில் கூடினால் நடுவில் நான் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார் (மத்தேயு 18:20). ஜட்சன் வந்து ஏறக்குறைய ஆறு வருடம் ஒரு பர்மியர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. முதல் ஆளான மௌங் நௌ ஞானஸ்நானம் பெற்றது 1819ல். அதுவரை ஜட்சன் வீட்டில் நடந்ததும் ஆராதனைதான்.

அந்த 18:20ஐக் கூட்டம் குறைந்த நாளில் ஆறுதலுக்காக மட்டும் எடுத்து வாசிக்கிறோம். அதற்கு முந்தின ஐந்து வசனங்களையும் வாசியுங்கள். சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் என்ன செய்வது என்றுதான் அங்கே பேச்சு போகிறது. இது அடுத்த கேள்விக்கும் வேண்டும்.

"அவங்க வர்ற கோவிலுக்கு நான் வர மாட்டேன். ஆராதனையில அவங்க முகத்தைப் பார்த்தா ஜெபமே வரல."

சபை சின்னதாக இருந்தால் இதுதான் பெரிய கஷ்டம். பெரிய கோவிலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடலாம். நாற்பது பேர் கூடுகிற இடத்தில் எங்கே போவது? சீட்டுப்பணம், கல்யாணப் பேச்சு, வீட்டு வாடகை என்று ஏதோ ஒன்று நடந்திருக்கும்.

காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தபின் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிறார் (மத்தேயு 5:23, 24). கவனியுங்கள், உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்கிறார். அந்த முகத்தைப் பார்த்து ஜெபம் வரவில்லை என்கிறீர்களே, ஆராதனை உங்களுக்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். வீட்டில் தனியாக ஜெபித்திருந்தால் அந்த முகம் எதிரில் வந்திருக்காது.

ஆனால் உங்களை அடித்தவர், ஏமாற்றினவர், பெண்பிள்ளைகளிடம் தவறாக நடந்தவர் என்றால் விஷயம் வேறு. அங்கே "மன்னித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்" என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. அதைச் சபை மூப்பர்கள் கையில் எடுத்து விசாரிக்க வேண்டும், அதுவரை நீங்கள் வேறு இடத்தில் ஆராதிக்கலாம்.

"கோவிலுக்குள்ளேயே சாதி பார்க்கிறாங்களே டீச்சர்? அப்புறம் என்ன சேர்ந்து ஆராதிக்கிறது?"

பார்க்கிறார்கள். மறைக்க மாட்டேன். இது பழைய வியாதி. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்த சபைகள் இருந்தன. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். அதற்குக் கீழ்ப்படிவதைவிடச் சபையை விட்டுப் போவது மேல் என்று போனவர்கள் நிறையப் பேர். கப்பலேறி இங்கே வந்த நம் பாட்டன்களில் கூலியும் இருந்தார், மேஸ்திரியும் இருந்தார். மூட்டையோடு அந்த வியாதியும் ஏறி வந்துவிட்டது. ஆராதனை முடிந்து பரிமாறின மொய்ங்காவை (மீன் குழம்பு ஊற்றின பர்மிய நூடுல்ஸ்), சமைத்தவர் யார் என்று தெரிந்ததும் தொடாமல், டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்த ஒரு குடும்பத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சமைத்த அக்கா அந்தக் கிண்ணங்களை ஒன்றும் பேசாமல் உள்ளே எடுத்துப் போனார்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதினதும் இதே மாதிரி ஒரு சாப்பாட்டைப் பற்றித்தான். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்று எழுதிவிட்டார் (1 கொரிந்தியர் 11). பாட்டு சரியில்லை, ஜெபம் சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. பந்தி சரியில்லை என்றால் ஆராதனையும் இல்லை என்கிறார். இதைவிடக் கடுமையாக நான் சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்துக்கு வசனம் காட்டும் தைரியம் அன்று எனக்கு வரவில்லை. அடுத்த வாரம் அந்த அக்காவோடு அடுப்படியில் நின்று, அவர் முதலில் ஊற்றிய கிண்ணத்தை எல்லார் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

"போன்ல பார்த்தா போதாதா? கோவிட் சமயத்துல அப்படித்தானே செஞ்சோம்?"

2020ல் கோவிலைப் பூட்டினோம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததற்கு அப்புறம் ஊரடங்கு வேறு. அப்போது வைபரில் வந்த ஒரு சங்கீதமும் ஜெபமும் எத்தனை பேரைத் தாங்கியது என்று எனக்குத் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கும், வேலைக்காகத் தாய்லாந்து, மலேசியா என்று போன பிள்ளைகளுக்கும் இப்போதும் அனுப்புகிறோம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் கி.பி. 150களில் ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற வேதசாட்சி, அந்தக் கால ஞாயிறு ஆராதனை எப்படி நடந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். வாசிப்பு, புத்திமதி, எழுந்து நின்று ஜெபம், அப்பமும் ரசமும், காணிக்கை. வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்கிறார். வராதவருக்குச் செய்தி அனுப்புவதோடு விடவில்லை, ஒரு ஆளே நடந்து போனார். போனில் ஆராதனை பார்க்கும் வயதானவர் ஒருவர் வீட்டுக்குப் போனபோது, ஆராதனை நல்லாயிருக்கும்மா என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்தவர் போகும்வரை விடவே இல்லை. வர முடிந்தவர் வாருங்கள். வர முடியாதவர் வீட்டுக்கு நாங்கள் வருகிறோம்.

"போதகர் மாசத்துக்கு ஒரு தடவைதான் வர்றார். மத்த நாள் மூப்பர் நடத்துறது ஆராதனை ஆகுமா?"

ஆகும். 1966ல் வெளிநாட்டு மிஷனரிகள் எல்லாரும் பர்மாவை விட்டுப் போக வேண்டியதாயிற்று. நம் போதகர்களில் பலர் அதற்கு முன்பே இந்தியா போயிருந்தார்கள். அதற்கப்புறம் எத்தனையோ தமிழ்ச் சபைகளைக் கடைக்காரரும், தையல்காரரும், டீச்சரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். திருவிருந்தும் ஞானஸ்நானமும் யார் கொடுக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு சபைக்கும் ஒழுங்கு உண்டு, அதை மீற வேண்டாம். வேதம் வாசிக்க, பாட, ஜெபிக்க, காணிக்கை எடுக்க யாருக்கும் தடையில்லை.

"என் வீட்டுக்காரர் பர்மியர், புத்த மதம். அவர் கூட வந்து உட்காரலாமா? நான் அவங்க அம்மாவோட ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகலாமா?"

அவர் தாராளமாக வரலாம். விசுவாசியாத ஒருவர் சபைக்குள் வருவார் என்று எண்ணித்தான் பவுல் கொரிந்தியருக்கு ஒழுங்கு சொல்கிறார் (1 கொரிந்தியர் 14:24). திருவிருந்து நேரத்தில் அவர் உட்கார்ந்திருக்கட்டும், யாரும் அவரை விசித்திரமாகப் பார்க்காமல் இருப்பது எங்கள் பொறுப்பு. என்ன நடக்கிறது என்று அவர் காதில் பர்மிய மொழியில் சொல்ல ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இரண்டாவது கேள்வி கடினம். சபையில் பலர் ஒரே வார்த்தையில் "கூடாது" என்பார்கள். நான் 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தைக் காட்டுவேன். சீரியாவின் படைத்தலைவன் நாகமான், இனிக் கர்த்தரைத் தவிர வேறு தெய்வத்தை வணங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒரு சங்கடத்தையும் சொல்கிறான். என் ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் இதை மன்னிக்க வேண்டும் என்கிறான். எலிசா அவனுக்கு நீண்ட பிரசங்கம் செய்யவில்லை, சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிட்டார். உங்கள் மாமியார் வயதானவர். படி ஏற அவர் கையைப் பிடிப்பது மரியாதை, அன்பு. வணக்கம் யாருக்கு என்பது உங்கள் மனதில் தெளிவாக இருக்கட்டும், அதை உங்கள் கணவரிடமும் மறைக்காமல் சொல்லிவைத்துவிடுங்கள். ஒளித்துச் செய்வதுதான் பின்னால் மனசாட்சியை அரிக்கும்.

"நாடு இருக்கிற இருப்பில உட்கார்ந்து பாடிக்கிட்டு இருக்கிறது சரியா?"

இதை இளைஞர்கள் கேட்கிறார்கள், கோபத்தோடு கேட்கிறார்கள். அந்தக் கோபம் வேதத்திலேயே இருக்கிறது. உங்கள் பாட்டுகளின் இரைச்சல் எனக்கு வேண்டாம், நியாயம் தண்ணீரைப்போல் புரண்டு வரட்டும் என்று கர்த்தர் சொல்வதாக ஆமோஸ் எழுதுகிறார் (5:23, 24). அடுத்தவர் பசியை மறக்க வைக்கிற ஆராதனை இருந்தால், அதை விட்டு எழுந்து போவதே நல்லது.

ஆனால் பாட்டை நிறுத்திவிட்டால் உதவி கூடிவிடுமா? நான் பார்த்தவரை இல்லை. 2008 மே 3ஆம் தேதி நர்கீஸ் புயல் ரங்கூனைப் புரட்டிப் போட்டது. மறுநாள் ஞாயிறு. தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது, கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. கிளைகளைத் தாண்டி வந்து சேர்ந்தவர்கள் பதினோரு பேர். ஒரு பாட்டுப் பாடினோம். அப்புறம் யார் வரவில்லை என்று பெயர் பெயராகச் சொல்லிப் பார்த்தோம். ஆராதனை முடியுமுன்பே யார் எந்த வீட்டுக்குப் போவது, யாரிடம் அரிசி இருக்கிறது, யாரிடம் அரிவாள் இருக்கிறது என்று முடிவாகிவிட்டது. வாராவாரம் கூடியிருக்காவிட்டால் அந்தப் பெயர்களே எங்களுக்குத் தெரிந்திருக்காது. 2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு மண்டலேக்கும் சகாயிங்குக்கும் உதவி அனுப்பினதும் அந்தக் காணிக்கைப் பையிலிருந்துதான். ஜஸ்டின் எழுதினதில் இதுவும் உண்டு: காணிக்கை அனாதைகளுக்கும் விதவைகளுக்கும், நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும், வந்துசேர்ந்த அந்நியர்களுக்கும் போயிற்று.

"டீச்சர், எனக்கு விசுவாசமே போயிடுச்சு. பொய்யா வந்து உட்காரக் கூடாது இல்லையா?"

கேட்டவர் ஒரு தம்பி, வயது இருபத்தைந்து. ஏன் போயிற்று என்பதை என்னிடம் சொன்னார், அதை இங்கே எழுத மாட்டேன். அவர் சொன்ன எதையும் நான் மறுக்கவும் இல்லை.

அவருக்குத் தோமாவைப் பற்றிச் சொன்னேன். உயிர்த்தெழுந்தவர் வந்தபோது தோமா மற்றவர்களோடு இல்லை (யோவான் 20). வந்து சொன்னவர்களிடம், காயத்தில் விரலை விடாமல் நம்ப மாட்டேன் என்றார். அதற்கப்புறம் வருவதை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். எட்டு நாள் கழித்து அவர்கள் மறுபடியும் உள்ளே இருந்தார்கள், தோமாவும் கூட இருந்தார். நம்பவில்லை என்று சொன்னவரை அந்த வாரம் முழுக்க யாரும் வெளியே தள்ளவில்லை. அவரும் போய்விடவில்லை. நம்பாமலே அவர்களோடு உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றும் சொன்னேன். கி.பி. 325ல் நிசேயாவில் எழுதின விசுவாசப் பிரமாணம் மூலத்தில் "விசுவாசிக்கிறோம்" என்று ஆரம்பிக்கிறது. பன்மை. உங்களால் சொல்ல முடியாத வரிகளைச் சொல்லாதீர்கள், பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்லட்டும். அம்மாவை அடக்கம் செய்த வாரம் எனக்கு நடந்ததை மேலே எழுதியிருக்கிறேனே, அதையும் சொன்னேன். பொய்யாகச் சொன்னால்தானே பொய்? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பொய்யில்லை.

இப்போது வருகிறார். பின்வரிசையில், கதவோரம் உட்காருகிறார். விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லாரும் எழும்போது எழுந்து நிற்கிறார், வாய் திறப்பதில்லை. போன ஞாயிறு பாட்டின் நடுவே கரண்ட் போயிற்று. இருட்டில் பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருக்க, அவர் வெளியே போய் ஜெனரேட்டரை இழுத்து ஓட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.